வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றால்

(2026 பிப்ரவரி 1, ஞாயிறு மாலை நம் குடியிருப்பின் கூடத்தில் நடந்த சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)

 

செயலாளர் என்னைப் பேசச் சொன்ன விஷயம் வேறு. சென்ற நவம்பர் முதல் வங்கி டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை நாமினி வைக்கலாம் என்று விதி வந்திருக்கிறது, அதைப் பற்றிப் பத்து நிமிஷம் சொல்லுங்கள் என்றார். 34 வருஷம் வங்கியில் கிளார்க்காக இருந்தவனுக்கு அது சுலபமான வேலை. அதையும் சொல்கிறேன். ஆனால் நாளை மறுநாள் அண்ணாவின் நினைவு நாள். அதற்கு அடுத்த நாள், பிப்ரவரி 4, உலகப் புற்றுநோய் தினம். இந்த வாரத்தில் நான் பேச வேண்டியது வேறொன்று இருக்கிறது என்று செயலாளரிடம் அனுமதி கேட்டேன்.

நான் ஒரு புற்றுநோயாளி. உங்களில் பலருக்கு இது தெரியும். நான் லிஃப்டிலிருந்து இறங்கிய பிறகு உள்ளே இருப்பவர்கள் மெதுவாகப் பேசிக்கொள்வது எனக்கும் தெரியும். இனிமேல் நான் உள்ளே இருக்கும்போதே பேசலாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

எனக்கு வந்தது புராஸ்டேட் சுரப்பியில் தொடங்கி முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் பரவிய புற்றுநோய். 2022-இல் கண்டுபிடித்தபோதே நான்காம் நிலை. நான்காம் நிலை என்றால் நாளைக்கே எல்லாம் முடிந்துவிடும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. நோய் பிறந்த இடத்தை விட்டு வேறு இடத்துக்குப் பரவிவிட்டது, முழுவதுமாக அகற்றுவது பொதுவாக முடியாது என்பதுதான் அதன் பொருள். எந்தப் புற்றுநோய், எங்கே பரவியிருக்கிறது, எந்த மருந்துக்குக் கட்டுப்படுகிறது என்பதைப் பொறுத்துச் சிலருக்கு மாதங்கள், சிலருக்கு வருஷங்கள். என் நோய் ஆண் ஹார்மோனைத் தின்று வளர்வது. அந்த ஹார்மோனை அடக்க மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி போடுகிறார்கள். நான்காவது வருஷம் ஓடுகிறது. குணமாகவில்லை, ஆனால் இருக்கிறேன். சர்க்கரை நோயோடு வாழ்கிறவர்களைப் போல இதனோடு வாழ்கிறேன். ஒரே வித்தியாசம், இந்தக் கடனுக்குத் தவணைத் தேதி எது என்று யாரும் சொல்வதில்லை.

முதல் ஏழு வாரம் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

ஆரம்பத்தில் எனக்கு வெறும் முதுகுவலி. எலும்பு ஸ்கேன் எடுத்த அன்று டாக்டர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என் மகனிடம் தனியாகப் பேசினார். வெளியே வந்தவன், "எலும்புத் தேய்மானம்ப்பா, ஊசி போட்டா சரியாயிடும்" என்றான். நான் சரி என்றேன். ரிப்போர்ட் கவர் என் மடியில்தான் இருந்தது. பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனைக்கு எதிரே, இருக்க வேண்டிய அளவு 4 வரை என்று அச்சடித்திருந்தது. எனக்கு 286. எண்களைப் பார்த்தே சம்பளம் வாங்கியவனிடம் எண்ணை மறைக்க முடியுமா? கும்மிடிப்பூண்டி ரயிலில் திரும்பி வரும்போதே செல்போனில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

ஆனால் நானும் சொல்லவில்லை. அவர்கள் எனக்குத் தெரியாது என்று நினைத்து நடித்தார்கள். நான் அவர்களுக்காகத் தெரியாதவன்போல நடித்தேன். டி.வி. சீரியலில் ஆஸ்பத்திரி வந்தால் என் மனைவி சேனலை மாற்றுவாள். மகன் காரணம் சொல்லாமல் ஜெனரல் ஷிப்டுக்கு மாறினான். மருமகள் தன் அம்மா வீட்டுக்குப் போக வேண்டிய விசேஷத்துக்குப் போகவில்லை. போன் மணி அடித்தால் மூன்றாம் வகுப்புப் படித்த பேரனைப் பக்கத்து ஃபிளாட்டுக்கு விளையாட அனுப்பிவிடுவார்கள். ஒரு வீட்டில் ஐந்து பேர். ஐந்து பேரும் தனித்தனித் தீவு.

அதை உடைத்தது ஒரு பிக்சட் டெபாசிட். செலவுக்குப் பணம் தேவைப்பட்டு, என் பெயரிலும் மனைவி பெயரிலும் இருந்த ஒரு டெபாசிட்டை எனக்குத் தெரியாமல் முடிக்கப் பார்த்திருக்கிறார்கள். "இருவரில் ஒருவர்" என்ற முறையில் போட்ட டெபாசிட் என்றாலும், முதிர்வுக்கு முன்னால் எடுக்க இருவர் கையெழுத்தும் வேண்டும். வங்கியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மகன் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து, "அப்பா, இதுல ஒரு கையெழுத்து போடுங்க, பைக் மாத்தலாம்னு இருக்கேன்" என்றான். அந்தப் படிவத்தை என் வாழ்நாளில் எத்தனையோ ஆயிரம் முறை வாங்கியிருக்கிறேன். வட்டியில் பிடித்தம் போகும் என்று தெரிந்தும் அவசரமாக டெபாசிட்டை உடைக்க வருகிறவர்களின் முகம் எனக்குப் பழக்கம். கையெழுத்துப் போட்டுவிட்டு, "ஊசிக்குத்தானேப்பா?" என்று கேட்டேன். 38 வயது ஆள், தரையில் உட்கார்ந்து அழுதான்.

அன்றிரவு பேரன் தூங்கிய பிறகு நான்கு பேரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தோம். நோயின் பெயரை முதலில் நான்தான் சொன்னேன். என் மனைவி அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளுக்கு வந்தது கோபம். "ஏழு வாரமா ராத்திரி தூங்காம நான் தனியா கிடந்து செத்தேன். உங்களுக்குத் தெரிஞ்சும் பக்கத்துல படுத்துக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லலையே" என்றாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவள் கோபம் நியாயம். ஒருவரை ஒருவர் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து ஒருவரை ஒருவர் தனியாக விட்டிருந்தோம். இன்று நான் உங்களிடம் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். நோய் ஒருவர் உடம்பில் இருக்கும். அதை மறைத்தால் வீடு முழுவதும் பரவும்.

பெயரைச் சொல்லவே பயப்படுவது நமக்குப் பழைய பழக்கம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-இல் புற்றுநோயால் இறந்தார். அந்தத் துயரத்திலிருந்துதான் 1954-இல் அடையாறு புற்றுநோய் நிலையம் வந்தது. டாக்டர் சாந்தா 2021-இல் மறையும் வரை அந்த நிலையத்துக்காகவே வாழ்ந்தார். இந்த நோய் வந்தால் அவ்வளவுதான் என்ற பயத்தை எதிர்த்து அவர் கடைசிவரை பேசினார். அண்ணா 1968 செப்டம்பரில் நியூயார்க்கில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு திரும்பினார். 1969 ஜனவரி 14 அன்று நம் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வந்ததைப் பார்த்தார். பிப்ரவரி 3-இல் காலமானபோது அவருக்கு வயது 59. எனக்கு அப்போது எட்டு வயது. ரேடியோவைச் சுற்றி நின்று பெரியவர்கள் அழுததைப் பார்த்திருக்கிறேன். ஒரு முதலமைச்சரின் நோயை ஊரே அறிந்திருந்தது. நம் வீட்டு நோயை மட்டும் நம் வீட்டாரிடமே ஏன் மறைக்கிறோம்?

மறைத்ததால் அதிகம் பாதிக்கப்பட்டவன் பேரன். பார்க்க வந்த உறவுக்கார அம்மா ஒருவர், "தாத்தாவோட டம்ளரைத் தனியா வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவன் என் மடிக்கு வருவதை நிறுத்திவிட்டான். புற்றுநோய் தொட்டால், ஒரே தட்டில் சாப்பிட்டால், பக்கத்தில் படுத்தால் ஒட்டிக்கொள்ளும் நோய் அல்ல. அவனிடம் இதைச் சொல்ல முடிவெடுத்தவள் என் மருமகள். நோயின் பெயர் என்ன, அது யாருக்கும் ஒட்டாது, நீ சேட்டை செய்ததால் வந்ததில்லை, தாத்தா சில நாள் களைப்பாக இருப்பார் என்று நான்கு விஷயம் சொன்னாள். கடைசியில், "எது கேட்கணும்னாலும் கேளு" என்றாள். அவன் கேட்ட முதல் கேள்வி, "தாத்தா ஸ்போர்ட்ஸ் டேக்கு வருவாரா?" குழந்தைகளுக்கு நாம் சொல்லாத இடத்தை அவர்களே பயத்தால் நிரப்பிக்கொள்கிறார்கள்.

அடுத்து என் மனைவியைப் பற்றி. ஹார்மோன் ஊசியால் எனக்குத் திடீர் திடீரென்று உடம்பு தீயாகக் கொதித்து வியர்க்கும். மாதவிடாய் நின்ற சமயத்தில் பெண்களுக்கு வரும் அதே வெக்கை. அவளுக்கு அது வந்த காலத்தில், நடு ராத்திரியில் ஃபேனை வேகமாக வைக்கிறாள் என்று நான் முணுமுணுத்தவன். இப்போது ஃபேன் வேகம் என் கையில். அவள் போர்த்திக்கொண்டு படுக்கிறாள். இந்த வயதில் மனைவியைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு ஊசி தேவைப்பட்டது.

என்னைக் கவனித்ததில் அவள் தன் பிரஷர் மாத்திரையை மறந்தாள். ஒருநாள் சமையலறையில் தலைசுற்றி விழுந்தாள். அதன் பிறகு வேலையைப் பிரித்து ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினோம். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது மகன். மாத்திரை டப்பா மருமகள். கணக்கும் பைல்களும் நான். மாதம் ஒருமுறை அமாவாசைக்கு மனைவி திருவள்ளூர் வீரராகவர் கோயிலுக்குப் போவாள். குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு அன்றிரவு தங்கை வீட்டில் தங்கிவிட்டு மறுநாள்தான் வர வேண்டும் என்பது என் உத்தரவு. பெருமாள் எனக்கு என்ன செய்கிறாரோ தெரியாது. ஒரு ராத்திரி முழுத் தூக்கத்தை அவளுக்குக் கொடுக்கிறார். நோயாளியைக் கவனிப்பவருக்கு ஓய்வு சலுகை இல்லை, அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதி.

இனி வலி. இதைக் கவனமாகக் கேளுங்கள். புற்றுநோய் என்றால் வலியைச் சகித்துத்தான் ஆக வேண்டும் என்பது தவறு. எலும்பு வலிக்குக் கதிர்வீச்சு உண்டு. பலருக்கு ஒரே ஒரு வேளைக் கதிர்வீச்சே வலியைக் குறைத்துவிடும். எனக்கும் அப்படித்தான் குறைந்தது. கடும் வலிக்கு மார்ஃபின் மாத்திரை உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1986-இலேயே இதற்கு வழிமுறை வகுத்துவிட்டது: முடிந்தவரை வாய் வழியாக, வலி வந்த பிறகு என்றில்லாமல் கடிகாரத்தைப் பார்த்து நேரத்துக்கு.

ஆனால் மார்ஃபின் என்றதும் நம் வீடுகளில் இரண்டு பயம். அடிமையாகிவிடுவார், அல்லது இது கடைசிக்கட்ட மருந்து. டாக்டர் கண்காணிப்பில் வலிக்காகச் சாப்பிடுபவர் அடிமையாவது அரிது. மலச்சிக்கல் மட்டும் அநேகமாக நிச்சயம் வரும், அதற்கும் சேர்த்து மருந்து கேட்டு வாங்க வேண்டும். உலகத்துக்கே மருத்துவ அபின் பயிரிட்டுக் கொடுத்த நாடு நம்முடையது. 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடியால் நம் நோயாளிகளுக்கே மார்ஃபின் கிடைப்பது வெகுவாகக் குறைந்தது. கேரளத்தில் டாக்டர் ராஜகோபாலும் நண்பர்களும் 1993-இல் கோழிக்கோட்டில் வலி நிவாரண இயக்கத்தைத் தொடங்கினார்கள். அவரைப் போன்றவர்கள் பல வருஷம் போராடியதன் பலனாக 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது அனுமதி பெற்ற மருத்துவமனைகளில் கிடைக்கிறது.

இந்தப் பிரிவுக்கு நம் அரசு மருத்துவமனைகளில் நோய் ஆதரவு சிகிச்சை என்று பெயர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து இந்தச் சேவை செய்வதும் அடங்கும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 104-க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். நம் மாவட்டத்துக்கு 2022 ஜனவரி முதல் திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. ஒன்று மட்டும் எச்சரிக்கை: எலும்பில் பரவிய நோயாளிக்கு முதுகுவலியோடு திடீரென்று கால் தளர்ந்தாலோ, சிறுநீர் போவதில் சிக்கல் வந்தாலோ, ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தண்டுவடம் நசுங்குவதன் அறிகுறி அது.

செயலாளர் கேட்ட வங்கி விஷயத்துக்கு வருகிறேன். நோய் இல்லாதவர்களும் இதைச் செய்யலாம்.

ஒன்று, டெபாசிட்டுக்கு நான்கு நாமினி வரை வைத்து யாருக்கு எவ்வளவு பங்கு என்றும் எழுதலாம், அல்லது ஒருவருக்குப் பின் ஒருவர் என்றும் எழுதலாம். லாக்கருக்கு ஒருவருக்குப் பின் ஒருவர் முறை மட்டும்தான். இரண்டு, கூட்டு டெபாசிட் வைத்திருப்பவர்கள், ஒருவர் இறந்தால் மற்றவர் முதிர்வுக்கு முன்பே எடுக்கலாம் என்று இப்போதே இருவரும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த நேரத்தில் வாரிசுகள் அனைவரின் சம்மதமும் கேட்பார்கள். மூன்று, கையெழுத்துப் போட முடியாத நோயாளியின் கைரேகையை இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்டினால் வங்கி ஏற்க வேண்டும், அதில் ஒருவர் வங்கியின் பொறுப்பான அதிகாரி. நான்கு, 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மருத்துவச் சான்றுள்ள நாள்பட்ட நோயாளிகளுக்கும் வீட்டுக்கே வந்து சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-இலேயே சொல்லிவிட்டது. பென்ஷன்தாரரின் உயிர்வாழ் சான்றும் அதில் அடக்கம். ஐந்து, குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வருஷத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. நம் வீடுகளில் வேலை செய்யும் பெண்களிடமும் செக்யூரிட்டி நண்பர்களிடமும் இதைச் சொல்லுங்கள்.

இன்னொரு தாளும் எழுதி வைத்திருக்கிறேன். மீள வழியில்லாத கட்டத்தில் வென்டிலேட்டர் போன்றவை எனக்கு வேண்டாம் என்ற முன்கூட்டிய மருத்துவ விருப்பம். உச்ச நீதிமன்றம் 2018-இல் இதை ஏற்று, 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியின் சான்று பெற்றால் போதும். என் சார்பில் முடிவெடுப்பவர்களாக மனைவியையும் மகனையும் எழுதியிருக்கிறேன். மகன் முதலில் படிக்கவே மறுத்தான். "உன் தலையில் அந்த முடிவைக் கட்டிவிட்டுப் போகக் கூடாதுன்னுதான் எழுதறேன்" என்றேன். பத்து நாள் கழித்து, "எந்த பைல்ல இருக்கு?" என்று மட்டும் கேட்டான். அது போதும்.

கடைசியாக உங்களிடம் சில வேண்டுகோள்.

நோயாளி வீட்டுக்கு வந்தால் "என் சித்தப்பாவுக்கும் இதேதான், ஆறே மாசம்" என்று சொல்லாதீர்கள். வாட்ஸ்அப்பில் வந்த மூலிகைக் கஷாயத்தைச் சிபாரிசு செய்யாதீர்கள். "தைரியமா இருங்க" என்பதும் வேண்டாம், எல்லா நாளும் தைரியமாக இருப்பது பெரிய வேலை. "நாளைக்கு மார்க்கெட் போறேன், என்ன வாங்கிட்டு வரட்டும்?" என்று கேளுங்கள். ஏ பிளாக்கில் ஒருவர் என் பேரனைத் தினமும் ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றிவிட்டார், ஒரு வருஷம். என் நோயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர் செய்தது எனக்கு ஒரு மருந்து மாதிரி.

சங்கத்திடம் மூன்று கோரிக்கை. செக்யூரிட்டி அறையில் பொதுவாக ஒரு சக்கர நாற்காலி வாங்கி வையுங்கள். பி பிளாக் வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நிற்க வேண்டிய இடத்தில் கார் நிறுத்துவதைத் தடை செய்யுங்கள். போன மழைக்காலத்தில் 108 வண்டி கேட்டுக்கு வெளியே நின்றது, என் மகனும் இரண்டு நண்பர்களும் என்னை நாற்காலியோடு தண்ணீரில் தூக்கிப் போனார்கள். மூன்றாவது, ராத்திரியில் காரோடு உதவ முன்வருபவர்களின் பட்டியல் ஒன்று தயாரியுங்கள். இது எனக்காக மட்டும் இல்லை. 96 ஃபிளாட் இருக்கும் இடத்தில் அடுத்தது யார் வீடு என்று யாருக்குத் தெரியும்?

அடுத்த ஊசி மார்ச்சில். அதற்கு முன்னால் பேரனின் ஸ்போர்ட்ஸ் டே இருக்கிறது. போன மூன்று வருஷமும் போனேன், இந்த வருஷமும் போகிறேன்.